நாலு கோர் இருக்க ஒன்று மட்டும் ஏன் உழைக்க வேண்டும்? ஷெல் ஸ்கிரிப்டை இணையாக ஓட்டப் பழகுவோருக்கு

தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகள் மொத்தத்தையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். அதில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அதிகம் வரும் நூறு சொல்லைப் பட்டியல் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பிழைதிருத்தி செய்பவர்களுக்கும் விசைப்பலகைச் செயலி செய்பவர்களுக்கும் முதலில் தேவைப்படுவது இந்தப் பட்டியல்தான். ஷெல்லில் இது ஒரே வரி வேலை. டிஆர் கட்டளையால் ஒரு வரிக்கு ஒரு சொல்லாக உடைக்கிறோம், சார்ட்டால் அடுக்குகிறோம், யூனிக்கால் எண்ணுகிறோம், மறுபடி சார்ட் போட்டுப் பெரிய எண்ணை மேலே கொண்டுவருகிறோம், ஹெட்டால் முதல் நூறை எடுக்கிறோம். ஐந்து கட்டளை, நடுவே ஒன்றின் விடையை அடுத்ததற்குக் கடத்தும் நான்கு பைப்.

எழுத எளிது, ஓடத்தான் நேரமாகிறது. விசிறி சத்தம் போடுகிறது. எந்தக் கோர் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் எச்டாப்பைத் திறந்து பார்த்தால் பெரும்பாலான நேரம் செயலியின் ஒரு கோர் மட்டும் முட்டிக்கொண்டிருக்கிறது, மற்றவை சும்மா இருக்கின்றன. ஸ்கிரிப்டைக் கை வைக்காமல் இந்த வேலையை எல்லாக் கோருக்கும் பிரித்துக் கொடுக்கத் தானியங்கிக் கருவிகள் வந்துவிட்டன. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் அவற்றை ஓட்டினால், விடை தப்பாக வந்தாலும் கண்டுபிடிக்கத் தெரியாது. அதனால் இங்கே முதலில் கையால் ஒருமுறை செய்துவிட்டு, அப்புறம் கருவிக்குப் போகிறோம். கட்டளைப் பெயர்களை வாயால் சொல்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளந்து பாருங்கள்

என்ப்ராக் என்று அடித்தால் எத்தனை கோர் கையில் இருக்கிறது என்று சொல்லும். அடுத்து, ஸ்கிரிப்டுக்கு முன்னால் டைம் சேர்த்து ஓட்டுங்கள். ரியல், யூசர், சிஸ் என்று மூன்று எண் வரும். ரியல் என்பது கடிகாரத்தில் ஓடிய நேரம். யூசர் என்பது எல்லாக் கோரும் உங்கள் வேலைக்காகச் செலவழித்த நேரத்தின் கூட்டுத்தொகை. சிஸ் என்பது அதற்காக இயங்குதளம் செலவழித்தது. யூசர் ரியலைவிடப் பெரிதாக இருந்தால், ஏற்கெனவே ஒன்றுக்கு மேற்பட்ட கோர் வேலை செய்கிறது என்று அர்த்தம். பைப் போட்ட ஸ்கிரிப்டில் இது சகஜம், ஏனென்றால் பைப்பின் ஒவ்வொரு கட்டமும் தனித்தனிச் செயலாக ஒரே நேரத்தில்தான் ஓடுகிறது. போதாததற்கு, குனூ சார்ட் 2010 முதல் தானாகவே பல இழைகளில் (த்ரெட்) அடுக்கத் தெரிந்தது. ஆக, “ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகிறது” என்று நாம் நினைக்கும் ஸ்கிரிப்ட் முழுக்க அப்படி இல்லை. மெதுவான கட்டம் எதுவோ அதன் வேகத்தில்தான் மொத்த பைப்பும் நகர்கிறது, அவ்வளவுதான்.

அந்த மெதுவான கட்டத்தைக் கண்டுபிடிப்பது எளிது. முதல் கட்டத்தை மட்டும் ஓட்டி, விடையை டெவ் நல் என்ற குப்பைக்குழியில் (/dev/null) கொட்டி, நேரம் பாருங்கள். பிறகு இரண்டு கட்டம், பிறகு மூன்று. எங்கே நேரம் தாவுகிறதோ அங்கேதான் நெரிசல்.

இப்படி அளந்து பார்க்காமல் மேலே போகாதீர்கள். 1967-இல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் சொன்ன கணக்கு இங்கே அப்படியே பொருந்தும். மொத்த வேலையில் ஐந்தில் நான்கு பங்கைப் பிரித்துக் கொடுக்க முடியும், ஒரு பங்கைப் பிரிக்கவே முடியாது என்றால், நான்கு கோர் போட்டாலும் வேகம் இரண்டரை மடங்குதான் கூடும். ஆயிரம் கோர் போட்டாலும் ஐந்து மடங்கைத் தொடாது. விக்கிப்பீடியா கோப்பு பிஸிப்2 முறையில் சுருக்கப்பட்டு வருகிறது. சாதாரண பிஸிப்2 கட்டளை அதை ஒரே கோரில்தான் விரிக்கும். உங்கள் நேரத்தில் பாதி அங்கேயே போய்விட்டால், மீதியை எவ்வளவு பிரித்தும் பெரிய பயன் இல்லை. விரிக்கும் வேலைக்கு எல்பிஸிப்2 போன்ற இணைக் கருவியைப் போடுவதுதான் முதல் மருந்து.

இன்னொரு மலிவான மருந்தும் உண்டு. ஸ்கிரிப்டின் தலையில் எல்சி ஆல் (LC_ALL) என்ற சூழல் மாறிக்கு சி என்ற மதிப்பைக் கொடுத்து, எக்ஸ்போர்ட்டும் செய்துவிடுங்கள். சார்ட் அதன்பின் மொழிவாரி அகரவரிசை விதிகளைப் பார்க்காமல் வெறும் பைட்டுகளை ஒப்பிடும், கணிசமாக வேகமாகும். அந்த வரிசை நம் அகராதி வரிசை இல்லை என்பது உண்மைதான். யூனிகோடு எண்படி னகரம் நகரத்துக்கு அடுத்தே வந்துவிடும், றகரம் லகரத்தை முந்திக்கொள்ளும். எண்ணுவதற்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஒரே சொற்கள் அடுத்தடுத்து வந்தால் போதும்.

டிஆர் பற்றியும் இங்கேயே ஒரு எச்சரிக்கை. பைப் என்ற யோசனையை யூனிக்ஸுக்குத் தந்த டக் மெக்கில்ராய் 1986-இல் இதே சொல்லெண்ணும் வேலையை ஆறு கட்டளையில் முடித்துக் காட்டினார். அந்த வரி இன்றும் பாடங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை அப்படியே எடுத்துத் தமிழுக்குப் போட்டால் விடை வெறும் காலியாக வரும். அதன் முதல் கட்டம் “ஆங்கில எழுத்து அல்லாத எல்லாவற்றையும் வரிமுறிவாக்கு” என்கிறது, குனூ டிஆர் பைட் பைட்டாகப் பார்க்கும், தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎப்-8-இல் மூன்று பைட், மூன்றும் போய்விடும். தலைகீழாகச் செய்யுங்கள்: இடைவெளியையும் நிறுத்தக்குறிகளையும் மட்டும் வரிமுறிவாக்கச் சொல்லுங்கள். எழுத்துகள் பிழைக்கும். சுருள் மேற்கோள்குறிகள் மட்டும் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும், அதைத் தனியாக செட் கட்டளையால் நீக்கிக்கொள்ளலாம்.

எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது

கோப்பை நாலு துண்டாக வெட்டி, நாலு கோருக்குக் கொடுத்து, விடைகளைச் சேர்ப்பது என்பதுதான் திட்டம். வெட்டுவதில் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. துண்டு துண்டாக வந்த விடைகளை எப்படி ஒட்டினால் முழுக் கோப்பையும் ஓட்டிய அதே விடை கிடைக்கும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கட்டளைக்குக் கட்டளை இது மாறும்.

சில கட்டளைகளுக்கு நினைவே கிடையாது. ஒரு வரியைப் பார்க்கும், ஏதோ செய்யும், மறந்துவிடும். கிரெப், கட், பெரும்பாலான செட் வேலைகள், பெரும்பாலான டிஆர் வேலைகள் இப்படி. இவற்றின் விடைகளை வரிசை மாறாமல் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கினாலே போதும்.

சிலவற்றுக்கு நினைவு உண்டு, ஆனால் துண்டு விடைகளைச் சேர்க்க வழியும் உண்டு. டபிள்யூசி கட்டளை ஒவ்வொரு துண்டிலும் வரிகளை எண்ணித் தரும், கூட்டிக்கொள்ளலாம். சார்ட் ஒவ்வொரு துண்டையும் அடுக்கித் தரும், சார்ட்டுக்கே சின்ன எம் (-m) என்ற தெரிவைக் கொடுத்தால், ஏற்கெனவே அடுக்கிய கோப்புகளைச் சீப்புப் பல் கோத்த மாதிரி ஒன்றாக்கிவிடும்.

சிலவற்றைப் பிரிக்க வழியே இல்லை. ஷா1சம் போன்ற சரிபார்ப்புத் தொகை அப்படி. முதல் பைட்டிலிருந்து கடைசிவரை தொடர்ச்சியாகப் போனால்தான் சரியான விடை. கடைசியாக, கோப்பை நகலெடுப்பது, அழிப்பது என்று வெளியுலகில் கை வைக்கும் கட்டளைகள். அவற்றின் பக்கமே போகாதீர்கள்.

புதியவர்கள் விழும் குழி, கட்டளையின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்வது. கிரெப் நினைவில்லாதது என்றேன். அதற்குச் சின்ன என் தெரிவைக் கொடுங்கள், பொருந்தும் வரியின் எண்ணையும் சேர்த்து அச்சிடும். இப்போது இரண்டாம் துண்டின் முதல் வரிக்கும் எண் 1 என்றுதான் வரும். முழுக் கோப்பில் அது பத்தாயிரத்தோராவது வரியாக இருந்திருக்கும். ஒரே ஓர் எழுத்து கூட்டினதற்குக் கட்டளையின் சாதியே மாறிவிட்டது. செட்டிலும் “ஐந்தாம் வரியை நீக்கு” என்று எழுதியிருந்தால், ஒவ்வொரு துண்டிலும் ஓர் ஐந்தாம் வரி போய்விடும்.

ஹெட் இன்னும் நைச்சியமாக ஏமாற்றும். நூறு சொல் வேண்டாம், அதிகம் வரும் ஒரே ஒரு சொல் போதும் என்று வைப்போம். முதல் துண்டில் “அவன்” 5 முறை, “ஊர்” 4 முறை. இரண்டாம் துண்டில் “மழை” 5 முறை, “ஊர்” 4 முறை. துண்டுக்கு ஒரு முதலிடம் எடுத்தால் “அவன்”, “மழை” இரண்டும் வரும். உண்மையில் முதலிடம் 8 முறை வந்த “ஊர்”. அது எங்குமே கண்ணில் படாது. பிழைச்செய்தி எதுவும் வராது, பட்டியல் பார்க்க ஒழுங்காகவே இருக்கும்.

கையால் ஒருமுறை

ஸ்ப்ளிட் கட்டளைக்குச் சின்ன என் தெரிவைக் கொடுத்து, அதன் மதிப்பாகச் சின்ன எல், சாய்கோடு, 4 என்று எழுதுங்கள். வரி உடையாமல் நான்கு துண்டு கிடைக்கும். வெறும் 4 என்று மட்டும் கொடுத்தால் பைட் கணக்கில் வெட்டும். ஒரு “கை” நடுவே கத்தி விழுந்து, இரண்டு பக்கமும் கேள்விக்குறி வைரமாக மிஞ்சும்.

துண்டு ஒவ்வொன்றுக்கும் டிஆர், சார்ட் இரண்டையும் போட்டு விடையைத் தனிக்கோப்பில் எழுதச் சொல்லி, வரியின் முடிவில் & போடுங்கள். ஷெல் அதைப் பின்னணிக்கு அனுப்பிவிட்டு அடுத்த துண்டை உடனே தொடங்கும். நாலும் தொடங்கியபின் வெயிட் என்று ஒரு வரி. இதை மறந்தால் பாதி எழுதிய கோப்புகளை எடுத்து ஒட்டிக்கொண்டிருப்பீர்கள். வெயிட்டுக்குப் பிறகு சார்ட் சின்ன எம், அதன் விடையை யூனிக்குக்கு, அப்புறம் பழையபடி.

யூனிக்கையும் துண்டிலேயே ஓட்டலாமே என்று தோன்றும். செய்து பாருங்கள். முதல் துண்டில் மழை, மரம், மழை. இரண்டாவதில் மழை, மலை. துண்டுவாரியாக எண்ணினால் முதலாவது “1 மரம், 2 மழை” என்று தரும், இரண்டாவது “1 மலை, 1 மழை” என்று தரும். இதை அப்படியே ஒன்றின்கீழ் ஒன்று வைத்தால் மழை இரண்டு இடத்தில் வரும், மூன்று என்ற எண் எங்கும் வராது. சொல்வாரியாகக் கூட்ட ஆக் கட்டளையில் ஒரு வரி எழுத வேண்டும். மாறாக, எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கிய பிறகு அந்த வரிசையை வெட்டி யூனிக்குக்குக் கொடுத்தால் வேலை குறைவு. ஒரே சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், வெட்டுவாய்க்கு இந்தப் பக்கம் உள்ள கடைசிச் சொல்லும் அந்தப் பக்கம் உள்ள முதல் சொல்லும் ஒன்றா என்று மட்டும் பார்த்துக் கூட்டினால் போதும். நடுவில் உள்ளவற்றைத் தொடவே வேண்டாம்.

நான் முதன்முதலில் இப்படிக் கையால் செய்தபோது, எல்சி ஆல் மாறியைத் துண்டுகளை அடுக்கும் வரியில் மட்டும் கொடுத்துவிட்டு, ஒட்டும் வரியில் விட்டுவிட்டேன். ஒரு வரிசையில் அடுக்கியதை இன்னொரு வரிசை விதியில் கோத்தால் சார்ட் புகார் எதுவும் செய்யாது, கிடைத்ததைக் கோத்துத் தந்துவிடும். பட்டியலில் சில சொற்கள் இரண்டு தடவை வந்திருந்தன. ஒரு மாலை முழுக்க யூனிக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இனி கருவி

மேலே சொன்ன பிரிவினைகளை ஒரு பட்டியலாக எழுதிவைத்து, ஸ்கிரிப்டைப் படித்து, வெட்டுவதையும் ஒட்டுவதையும் தானே செய்தால் எப்படி இருக்கும்? 2021-இல் யூரோசிஸ் மாநாட்டில் நிகோஸ் வசிலாகிஸ், கான்ஸ்டான்டினோஸ் கல்லாஸ் உள்ளிட்ட குழு வெளியிட்ட பாஷ் இதைத்தான் செய்கிறது. நாம் தினமும் புழங்கும் பேஷ் ஷெல் வேறு, இந்தப் பாஷ் வேறு. ஆங்கிலத்தில் முதல் எழுத்து B-யா P-யா என்று பிரித்துக் காட்ட நம் எழுத்தில் வழி இல்லாததால் ஒன்றை பேஷ் என்றும் மற்றதை பாஷ் என்றும் எழுதியிருக்கிறேன். திறந்த மூலம், லினக்ஸ் ஃபவுண்டேஷனின் குடைக்குள் இருக்கிறது.

பாஷ் உங்கள் ஸ்கிரிப்டை வாங்கி, அதில் எந்தக் கட்டளையிலிருந்து எதற்குத் தரவு ஓடுகிறது என்று ஒரு வரைபடம் போடுகிறது. ஒவ்வொரு கட்டளையும், கொடுத்திருக்கும் தெரிவுகளோடு சேர்த்து, மேலே பார்த்த நான்கு வகையில் எது என்று தன் குறிப்புப் பட்டியலில் பார்க்கிறது. பிரிக்கலாம் என்றால் அந்தக் கட்டத்தைப் பல பிரதிகளாக்கி, முன்னால் வெட்டும் வேலையையும் பின்னால் ஒட்டும் வேலையையும் செருகுகிறது. விடையாக வருவதும் ஷெல் ஸ்கிரிப்ட்தான். பட்டியலில் இல்லாத கட்டளை, நீங்களே எழுதிய பைதான் நிரல் போன்றவை வந்தால் ஊகம் செய்யாமல் பழையபடியே ஓட விட்டுவிடுகிறது. இந்தப் பயந்த சுபாவம் எனக்குப் பிடித்திருக்கிறது.

கையால் செய்யும்போது நமக்குத் தோன்றாத ஒன்றையும் அது கவனிக்கிறது. நாலு பிரதி கிரெப் ஓடுகிறது, விடைகளைக் கேட் கட்டளை வரிசையாக ஒட்டுகிறது என்று வையுங்கள். கேட் முதல் பிரதியை முழுக்கப் படித்து முடித்தபின்தான் இரண்டாவதைத் திரும்பிப் பார்க்கும். லினக்ஸில் ஒரு பைப்பின் கொள்ளளவு வழக்கமாக 64 கிலோபைட். இரண்டாம், மூன்றாம், நான்காம் கிரெப்கள் அந்த 64 கிலோபைட்டை நிரப்பிவிட்டு, யாரும் எடுக்காததால் நின்றுவிடும். பார்க்க நாலு பேர் வேலை செய்வது போல் இருக்கும், உண்மையில் வரிசையில் நிற்கிறார்கள். பாஷ் ஒவ்வொரு பிரதிக்குப் பின்னாலும் ஓர் இடைத்தொட்டி வைக்கிறது. அது வருவதையெல்லாம் வாங்கிச் சேர்த்துக்கொண்டே இருக்கும்; கிரெப் நிற்காமல் ஓடும்.

ஓட்டும் முறை எளிது. லினக்ஸ் வேண்டும், விண்டோஸில் இருப்பவர்கள் விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாகவோ, டாக்கர் படிமத்தை இறக்கியோ ஓட்டலாம். நிறுவியபின் உங்கள் ஸ்கிரிப்டை பேஷுக்குப் பதிலாக பாஷின் தொடக்கக் கோப்புக்குக் கொடுக்கிறீர்கள், கூடவே சின்ன டபிள்யூ தெரிவில் எத்தனை பிரதி என்று 4 போல ஓர் எண். முதல் தடவை 2 கொடுத்துப் பாருங்கள். கோர் எண்ணிக்கைக்கு மேல் கொடுப்பதில் லாபம் இல்லை.

ஷெல்லில் ஒரு கோப்பின் பெயரே மாறிக்குள் ஒளிந்திருக்கலாம், அந்த மாறியின் மதிப்பு ஸ்கிரிப்ட் பாதி ஓடியபின்தான் தெரியலாம். முன்கூட்டியே படித்து மாற்றும் கருவிக்கு இது கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி. 2022-இல் ஓஎஸ்டிஐ மாநாட்டில் வந்த பதிப்பு இதற்காகவே, ஸ்கிரிப்ட் ஓட ஓட, அந்தந்த இடத்துக்கு வரும்போது மாற்றும் முறைக்குப் போனது. அதனால் மாறிகள் நிறைந்த ஸ்கிரிப்டையும் தயங்காமல் கொடுக்கலாம்.

ஒரு பெரிய கோப்புக்குப் பதில் ஆயிரம் சின்னக் கோப்பு இருந்தால் பாஷ் தேவையே இல்லை. ஃபைண்ட் கட்டளையின் விடையை எக்ஸ்ஆர்க்ஸுக்குக் கொடுத்து, சின்ன என் தெரிவில் (-n) 1 என்றும் பெரிய பி தெரிவில் (-P) 4 என்றும் போட்டால் ஒரே நேரத்தில் நாலு கோப்பு ஓடும். எக்ஸ்ஆர்க்ஸில் ஒரு தொல்லை, நாலு பேரின் விடையும் திரையில் கலந்து வரலாம். ஓலே டாங்கே எழுதிய குனூ பேரலல் ஒவ்வொரு வேலையின் விடையையும் தனியாகப் பிடித்துவைத்துத் தரும். சின்ன கே தெரிவு கொடுத்தால் வரிசையும் மாறாது. இரண்டில் எதைப் பயன்படுத்தினாலும், உங்கள் ஸ்கிரிப்ட் இடையில் டெம்ப் என்றோ அவுட் என்றோ நிலையான பெயரில் கோப்பு எழுதுகிறதா என்று பாருங்கள். நாலு பேரும் ஒரே கோப்பில் எழுதி ஒருவர் மேல் ஒருவர் கிறுக்கிக்கொள்வார்கள். எம்கேடெம்ப் கட்டளையால் ஒவ்வொருவருக்கும் தனிப்பெயர் வாங்கிக் கொடுங்கள்.

விடை சரியா?

பழைய ஸ்கிரிப்டின் விடையை ஒரு கோப்பில் வையுங்கள், இணையாக ஓடியதன் விடையை இன்னொன்றில். சிஎம்பி கட்டளைக்கு இரண்டையும் கொடுங்கள். அது ஒன்றும் பேசாமல் திரும்பினால் இரண்டும் பைட் பைட்டாக ஒன்றுதான். சின்ன மாதிரிக் கோப்பில் மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். வெட்டுவாய்ப் பிழைகள் துண்டுகள் உண்மையிலேயே பிரியும் அளவு பெரிய கோப்பில்தான் முகம் காட்டும். மாதிரியில் ஒரு வெற்று வரி, வரிமுறிவு இல்லாமல் முடியும் கடைசி வரி, ஒரே சொல் தொடர்ந்து பல பக்கம் வரும் இடம் ஆகியவற்றை வேண்டுமென்றே சேர்த்து வையுங்கள்.

வித்தியாசம் வந்தால், முதலில் எல்சி ஆல் எல்லா வரிக்கும் ஒன்றுதானா என்று பாருங்கள். அடுத்து ஒவ்வொரு கட்டளையின் தெரிவுகளையும் பாருங்கள், வரி எண் கேட்கும் தெரிவு ஏதாவது இருக்கும். கருவியில் பிழை என்ற சந்தேகம் கடைசியில் வரட்டும்.

வித்தியாசம் இல்லை, வேகமும் இல்லை என்றால்? கோப்பு சில மெகாபைட்தான் என்றால் வெட்டி ஒட்டும் செலவே லாபத்தைத் தின்றுவிடும்; பழையபடி ஓட்டுங்கள். கோப்பு பெரிது, ஆனாலும் எச்டாப்பில் எல்லாக் கோரும் பாதி தூங்குகிறது என்றால் நெரிசல் வட்டில் இருக்கிறது. பழைய சுழல்வட்டில் நாலு பேர் நாலு இடத்தில் படிக்கத் தொடங்கினால் ஒருவர் படிப்பதைவிட மெதுவாகவே ஆகும். நினைவகத்தையும் பாருங்கள்: நாலு சார்ட் ஒரே நேரத்தில் இடம் கேட்கும், கிடைக்காவிட்டால் டெம்ப் அடைவில் கொட்டும், அது நிறைந்து வேலை நடுவழியில் நிற்கும். சார்ட்டுக்குப் பெரிய எஸ் தெரிவில் ஆளுக்கு இவ்வளவுதான் நினைவகம் என்று அளந்து கொடுங்கள். பெரிய டி தெரிவில் (-T), இடம் தாராளமாக உள்ள அடைவு ஒன்றைக் காட்டிவிடுங்கள்.